இரண்டாம் நம்பர் ஓவனின் அட்டை

காலை பத்தரைக்கு அவரைப் பார்த்தவர்கள் பதினோரு பேர். பத்தே முக்காலுக்குப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

ஆஸ்பத்திரிகளுக்கு இரும்புக் கட்டில் செய்யும் தொழிற்சாலை அது. காணாமல் போனவர் அங்கே தரம் பார்ப்பவர். வெல்டிங்கில் மயிரிழை விரிசல் தெரிந்தாலும் கட்டிலின் மேல் பெருக்கல் குறி போட்டு ஒதுக்கிவிடுவார். எல்லாரும் அவரைச் செக்கர் என்றே கூப்பிட்டார்கள். அவருடைய மனைவிக்கும் அங்கேதான் வேலை. சாயங்கால ஷிப்டில் இரண்டாம் நம்பர் ஓவனை ஓட்டுகிறவள்.

மதியம் ஒன்றரை மணிக்கு அவள் மீட்டரம்மா வீட்டு வாசலில் நின்றாள். கையில் சாப்பாட்டு டப்பா. திறக்கப்படாத டப்பா.

"அவரோட மேஜையிலேயே இருந்ததும்மா. கேட் புத்தகத்துல உள்ள போன நேரம் இருக்கு. வெளிய வந்த நேரம் இல்லை."

"போலீஸ்?"

"வளர்ந்த ஆள் மூணு மணி நேரம் காணலைன்னா காணாமப் போனதா அர்த்தம் இல்லையாம். நாளைக்கு வரச் சொல்றாங்க."

"நீ இப்ப எங்க ஓடுறே?"

"ரெண்டு மணிக்கு ஷிப்ட். வரலைன்னா நாளையிலேர்ந்து ரெண்டு பேருமே வர வேண்டாம்னு மேனேஜர் சொல்லிட்டார்."

ஓடினாள்.

மீட்டரம்மா மின்வாரியத்தில் இருபத்திரண்டு வருஷம் வீடு வீடாகப் போய் மீட்டர் எழுதியவர். சக்கரம் சுற்றும் வேகத்தைப் பார்த்து, உள்ளே ஓடுவது இஸ்திரிப் பெட்டியா கிரைண்டரா என்று வாசலிலேயே சொல்லிவிடுவார். வேலையை விட்ட பிறகு ஊரார் தொலைத்ததைத் தேடிக் கொடுப்பது வேலையானது. துணைக்குக் கொழுந்தன். நாற்பத்திரண்டு வயது. தூங்கும்போது தவிர வாய் மூடாதவன். ரேடியோ என்ற பெயர் அவனுக்குச் சும்மா வரவில்லை.

ரேடியோவுக்கு அந்தத் தொழிற்சாலையைப் பார்த்ததுமே பிடிக்கவில்லை. தன் குரல் தனக்கே கேட்காத இடத்தில் அவன் என்ன செய்வான்?

மணி மூன்று பத்து.

மேனேஜர் அறையில் மட்டும் சத்தம் இல்லை. கண்ணாடி மேஜை. சுவரில் கடிகாரம். கடிகாரத்துக்குக் கீழே அதே அளவில் ஒரு வோல்ட்மீட்டர். முள் இருநூறுக்கும் இருநூற்றுப் பத்துக்கும் நடுவே நடுங்கிக்கொண்டிருந்தது.

"மனுஷங்க கைக்கடிகாரம் பாப்பாங்க. நீங்க வோல்டேஜ் பாக்குறீங்க," என்றான் ரேடியோ.

மேனேஜர் சிரித்தார். "பழைய பழக்கம். இருபது வருஷம் பம்ப் மோட்டாரோட குடும்பம் நடத்தினவன் நான். அதுவே நல்ல குடும்பம். வோல்டேஜ் குறைஞ்சா மோட்டார் என்ன செய்யும்? கரண்டை அதிகமா இழுத்தாவது வேலையை முடிச்சுக் குடுத்துடும். இங்க இருக்கறவங்களுக்குக் கொஞ்சம் குறைஞ்சாப் போதும், உக்காந்துடுவாங்க."

"செக்கர்?" என்றார் மீட்டரம்மா.

"நானே முன்னால நின்னு தேடினேம்மா. ஸ்டோர், பெயிண்ட் அறை, கக்கூஸ், கூரை, ஒண்ணு விடலை. அவர் தொப்பி பின்பக்கச் சுவர் ஓரமாக் கிடந்தது. சுவர் ஏறிக் குதிச்சுப் போயிட்டார். வீட்டுல என்ன சண்டையோ. பாவம், அந்தப் பொண்ணு."

"ஓவன்ல தேடினீங்களா?"

"ஒண்ணாம் நம்பர் ரிப்பேர். திறந்தே கிடக்கு, பாத்தோம். ரெண்டாம் நம்பர் பத்து மணியிலேர்ந்து ஒரு மணி வரைக்கும் நெருப்பா எரிஞ்சுக்கிட்டிருந்தது. அதுக்குள்ள மனுஷன் எப்படிம்மா இருப்பான்? அட்டை இருக்கு, பாத்துக்கோங்க. நாலு மணிக்கு ரெண்டாவது சூடு ஆரம்பம். அதுக்கு முன்னால முடிச்சுக்கிட்டாச் சந்தோஷம்."

வெளியே வந்ததும் ரேடியோ சொன்னான்: "வாயில வெண்ணெய் வச்சா உருகாது அண்ணி. அவ்வளவு குளுமையான மனுஷன்."

அண்ணி எதையோ எண்ணிக்கொண்டே ஓவன் பக்கம் நடந்தார்.

இரண்டாம் நம்பர் ஓவன் ஒரு சின்ன அறை அளவு இருந்தது. ஆள் நிமிர்ந்து போகலாம். உள்ளே நான்கு கட்டில்களைத் தொங்கவிட்டு, பொடிப் பெயிண்ட் அடித்து, சூட்டில் உருக்கி ஒட்டவைப்பார்கள். ஒரு முறை மூன்று மணி நேரம். ஆறியதும் அதே லோடுக்கு மறுபடி ஒரு சூடு. நடுவில் கதவைத் திறந்தால் தூசி படிந்து பெயிண்ட் பொரிந்துவிடும். அதனால் கதவை மூடியதும் இரண்டு கதவும் சேரும் இடத்தில் குறுக்கே ஒரு சாக்பீஸ் கோடு போடுவார்கள். கோடு அழிந்தால் லோடு அழிந்தது. அழித்தவர் வேலையும் அழிந்தது.

கோடு அழியாமல் இருந்தது.

செக்கரின் மனைவி பேனல் முன்னால் நின்றாள். கை தன்பாட்டுக்குத் துணியால் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தது. கண் வாசலிலேயே இருந்தது.

"ஏதாவது தெரிஞ்சுதாம்மா?"

"காலையில ஓவனை ஓட்டினது யாரு?"

"பெரியவர். பதினாறு வருஷமா அவர்தான் காலை ஷிப்ட். ரெண்டு மணிக்குப் போயிட்டார். எதிர்ல டீக்கடையில இருப்பார்."

பேனலில் ஒரு ஆணியில் அட்டை தொங்கியது. ஓவன் எரியும்போது மணிக்கு ஒரு தடவை ஆபரேட்டர் பேனல் மீட்டர்களின் இரண்டு முள்ளையும் பார்த்து வோல்ட், ஆம்பியர் எழுத வேண்டும். பென்சிலில் நான்கு வரி. கீழே பெரியவரின் சுருக்கொப்பம்.

பத்து மணி: 230, 46.
பதினொன்று: 210, 50.
பன்னிரண்டு: 200, 53.
ஒன்று: 220, 48.

மீட்டரம்மா அட்டையைப் பார்த்தார். பிறகு பக்கத்து ஆணியில் குத்தியிருந்த பழைய அட்டைகளைப் பார்த்தார். நேற்றையது. முந்தாநாளையது. போன வாரத்தது. பேனலின் மேல் பித்தளைத் தகட்டில் கம்பெனிக்காரன் பொறித்திருந்தான்: 230 வோல்ட், 46 ஆம்பியர்.

இன்றைய அட்டையையும் நேற்றையதையும் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அம்மா, அட்டையை எடுக்கக் கூடாது."

"பத்து நிமிஷத்துல குடுத்துடறேன். நாலு மணிக்கு முன்னால நீ பொத்தானைத் தொடாதே."

"மேனேஜர் சொன்னாத் தொட்டுத்தானேம்மா ஆகணும்."

கேட்டிலிருந்து ஓவன் வரை முந்நூறு அடி. ரேடியோ போகும்போது எண்ணவில்லை. திரும்பி ஓடும்போது ஒவ்வொரு அடியும் தெரிந்தது. ஆனால் அது பிறகு.

மணி மூன்று முப்பத்திரண்டு.

டீக்கடையில் பெரியவர் நிழல் பார்த்து உட்கார்ந்திருந்தார். நிழலிலும் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தார். கண்மணி இரண்டும் காசு அளவுக்கு விரிந்திருந்தன.

"இந்த அட்டையை எழுதினது நீங்களா?"

பெரியவர் அட்டையை வாங்கி, கையை முழுக்க நீட்டி, தலையைப் பின்னால் சாய்த்தார்.

"அட்டை பக்கத்துக் கடைக்கே போயிடுச்சே பெரியவரே," என்றான் ரேடியோ.

"நான்தான் எழுதினேன்."

"பன்னிரண்டு மணிக்கு எவ்வளவு ஆம்பியர்?"

"அதுல என்ன போட்டிருக்கோ அதான்."

"அண்ணி, கண்ணு தெரியாம ஒரு எண்ணுக்கு இன்னொண்ணை எழுதியிருப்பார். பாவம், விட்டுடுங்க."

மீட்டரம்மா பெஞ்சில் உட்கார்ந்தார். நேற்றைய அட்டையைப் பெரியவர் பக்கம் வைத்தார்.

"நேத்து 230-க்கு 46. வோல்டேஜ் 200-க்கு இறங்கினப்போ 40. 220-ல 44. வோல்ட்டை ஆம்பியரால வகுத்துப் பாரு தம்பி."

ரேடியோ விரலை மடக்கினான். "அஞ்சு. அஞ்சு. இதுவும் அஞ்சு."

"ஓவனைச் சூடாக்குற கம்பி தடுக்கிற தடை அஞ்சு ஓம். போன வாரமும் அஞ்சு, முந்தாநாளும் அஞ்சு. கம்பிக்கு மூளை கிடையாது. பின்னால இருந்து எவ்வளவு தள்ளுறோமோ அவ்வளவுதான் ஓடும். தள்ளுறது குறைஞ்சா ஓட்டமும் குறையும். இன்னிக்கு?"

"200-க்கு 53." ரேடியோ திணறினான். "நாலு கூட வரலை."

"வோல்டேஜ் இறங்க இறங்க கரண்டு ஏறுது. இதை இப்ப வகுக்காதே. பெருக்கு."

டீக்கடைக்காரரிடம் பென்சில் வாங்கிப் பெஞ்சிலேயே பெருக்கினான் ரேடியோ. 230 பெருக்கல் 46, பத்தாயிரத்து ஐந்நூற்று எண்பது. 210 பெருக்கல் 50, பத்தாயிரத்து ஐந்நூறு. 200 பெருக்கல் 53, பத்தாயிரத்து அறுநூறு. 220 பெருக்கல் 48, பத்தாயிரத்து ஐந்நூற்று அறுபது.

"எல்லாம் ஒரே ஜாடை அண்ணி. ஒரு தாய் பிள்ளைங்க மாதிரி."

"வாட் கணக்கு அது. ஓவன் ஒரே சக்தியில எரிஞ்ச மாதிரி யாரோ உக்காந்து கணக்குப் போட்டு எழுதியிருக்காங்க. கண்ணு தப்பாப் பாக்கலாம். பெருக்கினா ஒரே விடை வர்ற மாதிரி எந்தக் கண்ணும் தப்பாப் பாக்காது." பெரியவரைப் பார்த்தார். "பதினாறு வருஷம் இந்த முள்ளைப் பாத்தவர் தூக்கத்துலகூட இதை எழுத மாட்டார். காலையில எங்க போனீங்க? கண்ணுல சொட்டு மருந்து போட்டது யாரு?"

பெரியவரின் டீ ஆடை கட்டியிருந்தது.

"கண்ணாடிக் கடையில," என்றார் மெதுவாக. "தூரத்துல இருக்கற முள்ளு நல்லாத் தெரியுதும்மா. மூக்குக்குக் கீழ இருக்கற அட்டைதான் தெரியலை. ஆபீஸுக்குத் தெரிஞ்சா வேலை போயிடும். அவர்தான் சொன்னார். போயிட்டு வாங்க, பத்து மணிக்கு நானே ஓவனைப் போட்டு, கோடும் போட்டு, அட்டையும் எழுதிடறேன், யாராவது கேட்டா நீங்களே எழுதினதாச் சொல்லுங்கன்னு. ஒண்ணரைக்குத் திரும்பி வந்து கையெழுத்து மட்டும்தான் போட்டேன். எனக்கு நல்லது செஞ்ச மனுஷரைக் காட்டிக் குடுக்கச் சொல்றீங்களா?"

"எவர்?"

பெரியவர் வாயைத் திறக்குமுன் ரேடியோ எழுந்துவிட்டான். அவன் வாழ்க்கையில் மற்றவர் பேசியதை அவன் கவனித்த சில தருணங்களில் இது ஒன்று.

"மோட்டார்," என்றான். "கரண்டை அதிகமா இழுத்தாவது வேலையை முடிச்சுக் குடுத்துடும். அண்ணி, அவரே சொன்னாரே!"

"சொன்னார். மோட்டாருக்கு அது உண்மை. தலையில சுமை இருக்கு, வோல்டேஜ் குறைஞ்சா மூச்சைப் பிடிச்சுக்கிட்டு அதிகமா இழுக்கும். இருபது வருஷ மோட்டார் புத்தி, கம்பியும் அப்படித்தான்னு நினைச்சுடுச்சு. வோல்ட்டை அவர் அறைச் சுவத்துல பாத்து எழுதிக்கலாம். முதல் வரி பித்தளைத் தகட்டுலயே இருக்கு. மத்த ஆம்பியர் அந்த அறையில கிடையாது. ஓவன் எரிஞ்சிருந்தா முன்னால நின்னு முள்ளைப் பாத்தே எழுதியிருக்கலாமே. எதுக்குக் கணக்கு?"

ரேடியோ சிரிக்கப்போனான். அண்ணியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"எரியலை," என்றார் மீட்டரம்மா. "காலையில அந்த ஓவன் எரியவே இல்லை. சூடா இருக்குன்னு நம்பி எல்லாரும் தேடாம விட்ட ஒரே இடம் அது."

"அப்போ செக்கர்..."

"நாலு மணிக்கு அதைப் போடப்போறது யாரு?"

ரேடியோ கேட் பக்கம் திரும்பினான்.

பெரியவர் எழுந்து நின்றார். கண்ணாடி டம்ளர் கவிழ்ந்தது. "நேத்து செக்கர் நானூறு கட்டிலுக்குப் பெருக்கல் குறி போட்டார்மா. எல்லாம் நாளைக்கு லாரி ஏற வேண்டியது. மேனேஜரும் அவரும் சத்தம் போட்டுக்கிட்டாங்க. நான்... நான்தானே ஓவனை விட்டுட்டுப் போனேன்..."

"அவ நம்பர் இருக்கா?"

"உள்ள போன் கொண்டு போக விட மாட்டாங்க."

மணி மூன்று நாற்பத்தெட்டு. பன்னிரண்டு நிமிஷம் இருந்தது. நிதானமாக நடந்தாலே போதும்.

அப்போதுதான் கேட்டைத் தாண்டி உள்ளேயிருந்து அந்தச் சத்தம் கேட்டது. ஆழமான, ஒரே சீரான உறுமல்.

பெரியவரின் முகம் வெளிறியது. "ரெண்டாம் நம்பர் ஃபேன். ஓவனைப் போட்டாத்தான் அது சுத்தும். ஏன் இப்பவே?"

மேனேஜருக்கு அட்டை காணாமல் போனது தெரிந்துவிட்டது.

ஓடினார்கள். ரேடியோவின் தொந்தி அவனுக்கு முன்னால் ஓடியது. அறுபதைத் தொடப்போகும் அண்ணி அதற்கும் முன்னால் ஓடினார். நூறு அடியில் செருப்பு ஒன்று கழன்றது. இருநூறில் மூச்சு கழன்றது. உறுமல் பெரிதாகிக்கொண்டே வந்தது.

பேனலில் பச்சை விளக்கு எரிந்தது. முள் இரண்டும் எழுந்து நின்றன. வோல்ட் 190. ஆம்பியர் 38.

"எப்ப போட்டே?"

"மூணு நிமிஷம் ஆச்சு. மேனேஜர் வந்து முன்னாடியே போடச் சொன்னார். ஏம்மா?"

மீட்டரம்மா சிவப்புப் பொத்தானைக் குத்தினார். ஆம்பியர் முள் பூஜ்யத்துக்கு விழுந்தது. அவர் கை கதவுக் கைப்பிடிக்குப் போனது. செக்கரின் மனைவி குறுக்கே வந்து நின்றாள். எட்டு வருஷப் பழக்கம்.

"கோடும்மா! கோடு அழிஞ்சா என் வேலை..."

"காலையில இந்த ஓவன் எரியலைம்மா. எரிஞ்சதா அட்டைதான் சொல்லுது. அட்டை பொய்."

அவள் அட்டையைப் பார்க்கவில்லை. பேனலைப் பார்த்தாள். பச்சைப் பொத்தானைப் பார்த்தாள். அதை அழுத்திய தன் விரலைப் பார்த்தாள்.

பிறகு அந்த விரலோடு சேர்த்து உள்ளங்கை முழுவதையும் கோட்டின் மேல் வைத்து அழித்தாள். இரண்டு கைப்பிடியையும் பிடித்துத் தொங்கினாள்.

கதவு திறந்தது. உள்ளேயிருந்து வந்த காற்று கன்னத்தில் அறைந்தது. நான்கு கட்டில்கள் தொங்கின. ஒவ்வொன்றிலும் ஒரு பெருக்கல் குறி. அவற்றுக்குக் கீழே, கைகால் கட்டி, வாயில் துணி அடைத்து, பிடரியில் உறைந்த ரத்தத்தோடு அவர் கிடந்தார்.

ரேடியோ உள்ளே போய்க் கக்கத்தில் கை கொடுத்து இழுத்தான். இரும்புத் தரை முழங்காலைச் சுட்டது. இழுத்து வெளியே போட்டதும் அவள் வாய்த்துணியை உருவினாள். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு கணம். இன்னொரு கணம்.

செக்கர் இருமினார்.

அவள் அழவில்லை. "தண்ணி" என்று கத்தினாள். அந்தக் குரலுக்கு மூன்று மெஷின்கள் நின்றன.

ரேடியோ பேனலில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான். "மூணு நிமிஷம் அண்ணி. எப்படித் தாங்கினார்?"

"230 இருந்திருந்தா பத்தாயிரத்து ஐந்நூறு வாட் எரிஞ்சிருக்கும். இப்ப 190-க்கு 38. ஏழாயிரத்துச் சொச்சம்தான். மூணுல ஒரு பங்கு சூடு குறைவு." புடவைத் தலைப்பால் தன் முகத்தைத் துடைத்தார். "வோல்டேஜ் இறங்கினா உக்காந்துடுற புத்தி, கம்பிக்குத்தான். நல்ல வேளை, அதுக்கு மோட்டார் புத்தி இல்லை."

"மேனேஜர்!" என்று ரேடியோ துள்ளி எழுந்தான். "அண்ணி, அந்த வெண்ணெய் எங்க?"

கேட் பக்கத்தில் கார் ஹாரன் விடாமல் அலறியது.

கேட் மூடியிருந்தது. சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. வாட்ச்மேனிடம் வாங்கிய பூட்டுச் சாவியைக் கைக்குள் பொத்திக்கொண்டு பெரியவர் குறுக்கே நின்றார். கண்கள் கூசி நீர் வழிந்தது. காருக்குள் மேனேஜர். சுற்றிலும் வெல்டிங் ஆட்கள், கையில் இருந்ததைக் கீழே வைக்காமலே வந்திருந்தார்கள்.

"வழி விடுங்க பெரியவரே. உங்களுக்கு என்ன தெரியுது இப்போ?"

"தூரத்துல இருக்கறது எனக்கு நல்லாத் தெரியும் சார்," என்றார் பெரியவர். "நீங்க படி இறங்கி ஓடி வந்தது அங்கேர்ந்தே தெரிஞ்சது. கிட்ட இருந்தப்பதான் உங்களைச் சரியாப் பாக்கலை."

ஆம்புலன்ஸும் போலீசும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது செக்கர் மனைவியின் கையைத் தேடினார். அவள் கொடுக்கவில்லை. வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தாள்.

"இதாலதான் பொத்தானை அழுத்தினேன்," என்றாள்.

"கதவைத் திறந்தது?" அவர் குரல் உலர்ந்திருந்தது.

அவள் யோசித்தாள். கையைக் கொடுத்தாள்.

புறப்படுமுன், "ஒரு நிமிஷம்," என்று மீட்டரம்மாவிடம் அட்டையைக் கேட்டு வாங்கினாள். எட்டு வருஷப் பழக்கம் லேசில் விடாது. காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்துப் பேனலைப் பார்த்தாள். கடைசி வரியில் எழுதினாள். நான்கு மணி: 190, 0.

ஆம்புலன்ஸ் போனது. ரேடியோ அட்டையை எடுத்து அந்த வரியைப் பார்த்தான்.

"190-ஐப் பூஜ்யத்தால வகுக்க முடியாதே அண்ணி. தடை எவ்வளவுன்னு எப்படிச் சொல்றது?"

"சொல்ல வேண்டாம்," என்றார் மீட்டரம்மா, ஒற்றைச் செருப்பைத் தேடிக்கொண்டே. "இன்னிக்கு இந்த அட்டையில முள்ளைப் பாத்து எழுதினது அது ஒண்ணுதான்."